64 மில்லிமீட்டர்

ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் பேப்பரில் வழக்கமாக வரும் 13 மார்க் கேள்விகளில் ஒன்று: ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலைப் படத்துடன் விளக்குக. நம்ம டிபார்ட்மென்ட்டில் எல்லாருக்கும் அந்தப் படம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு குழாய், முனையில் இரண்டு பேரிங், கீழே “எடை குழாய் மேல், திருகு விசை மட்டும் கம்பி மேல்” என்று ஒரு வரி. நானும் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தக் கம்பியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தது ஆறாவது செமஸ்டர் லீவில்தான்.

எங்க ஊர் நாமக்கல். அப்பாவிடம் இருப்பது ஒரே ஒரு வண்டி, 2006 மாடல் பத்து வீல் லேலண்டு. முன்னால் இரண்டு டயர், பின்னால் இரண்டு ஆக்சில்களில் எட்டு. பின்னால் இருக்கிற இரண்டில் முதல் ஆக்சில்தான் இன்ஜினோடு சேர்ந்து இழுக்கும். கடைசியில் இருப்பது டம்மி, எடையை மட்டும் தாங்கும். பழைய கணக்குப்படி லோடோடு சேர்த்து மொத்தம் 25 டன். ஊரில் கோழிப் பண்ணைகள் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கோழிகளுக்கான மக்காச்சோளத்தில் நிறைய கர்நாடகாவில் இருந்து வருது. அப்பா பெரும்பாலும் தாவணகெரே போய் ஏத்திட்டு வருவார். சித்ரதுர்கா, தும்கூர், பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, அதுக்கப்புறம் தொப்பூர்.

தொப்பூர் கணவாய் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. தர்மபுரியில் இருந்து சேலம் வரும்போது அது இறக்கம். லோடு லாரி பிரேக் பிடிக்காமல் முன்னால் போன வண்டிகள் மேல் மோதியது என்று பேப்பரில் செய்தி வந்தால், ஊர்ப் பெயரைப் படிக்கும் முன்பே எங்க வீட்டில் எல்லாருக்கும் எந்த இடம் என்று தெரியும். அம்மா அந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார்.

இந்த முறை கோளாறை முதலில் கண்டுபிடித்தது அப்பாதான். அதுவும் காலால் இல்லை, கண்ணால். கார் ஓட்டுகிறவர்கள் பெடல் கீழே போகுது, கல் மாதிரி நிக்குது என்றெல்லாம் சொல்வார்கள். ஏர் பிரேக் வண்டியில் கால் வழியாக அவ்வளவு தெரியாது. நாம் மிதிக்கிறது ஒரு வால்வை. டேங்கில் ஏழெட்டு பார் அழுத்தத்தில் நிற்கும் காற்று அந்த வால்வு வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓடும். அங்கே பிரேக் சேம்பர் என்று ஒரு உருண்டை டப்பா. காற்று அதற்குள் போய் ஒரு ராடை வெளியே தள்ளும். ராடு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற கையைத் திருப்பும். அந்தக் கை ஒரு ஷாஃப்டைச் சுழற்றும். ஷாஃப்டின் மறுமுனையில் எஸ் எழுத்து மாதிரி வளைந்த ஒரு கேம். கேம் திரும்பினால் இரண்டு ஷூவும் அகலும், ஷூ மேல் இருக்கிற லைனர் டிரம்மை உள்ளே இருந்து அழுத்தும். இத்தனை பேர் கை மாறித்தான் ஒரு மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேருது.

“முன்னெல்லாம் ஒரு மிதிக்கு கேஜ் ஊசி இத்துனூண்டு இறங்கும். இப்ப நல்லா இறங்குது” என்றார் அப்பா. எங்கும் ஏர் லீக் இல்லை, சோப்பு நுரை போட்டுப் பார்த்தாயிற்று. லீக் இல்லாமல் காற்று அதிகம் செலவாகுதுன்னா ஏதோ ஒரு ராடு அதிக தூரம் வெளியே வருதுன்னு அர்த்தம். சக்கரத்துக்குள் எங்கோ இடைவெளி கூடியிருக்கு. எப்.சி. தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் தாண்டின லாரிக்கு வருஷா வருஷம் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். வண்டி பட்டறைக்குப் போனது, நானும் கூடப் போனேன்.

மேஸ்திரிக்கு அறுபது வயசுக்கு மேல். என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், “அம்மணி எதுக்குங்க?” என்றார்.

“மெக்கானிக்கல் படிக்குதுங்க.”

“அப்பச் சரி, டார்ச்சைப் புடிக்கட்டும்.”

முதல் மூன்று நாள் என் வேலை டார்ச் பிடிப்பதுதான். கேவலமான வேலை என்று நினைக்காதீர்கள். மேஸ்திரி எங்கே பார்க்கிறாரோ அங்கே வெளிச்சம் போகணும், அதனால் அவர் பார்க்கிற எல்லாத்தையும் நாமும் பார்த்தே ஆகணும். எந்த லேபிலும் எனக்கு இவ்வளவு நல்ல சீட் கிடைத்ததில்லை.

முதலில் எல்லா டயருக்கும் கட்டை போட்டார். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டார். ஒவ்வொரு ராடும் சேம்பரை விட்டு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அப்பா கேபினில் உட்கார்ந்து பெடலை முழுசாக மிதித்துப் பிடிக்க, கோடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று நான் ஸ்கேலை வைத்து அளந்தேன். டம்மி ஆக்சில் இரண்டு பக்கமும் 45 மி.மீட்டருக்குப் பக்கம். இழுக்கிற ஆக்சிலின் வலது பக்கம் 44. இடது பக்கம் 58.

போன வாரம்தான் அப்பாவே ஸ்பேனர் போட்டு எல்லாத்தையும் டைட் வைத்திருந்தார். புது வண்டிகளில் ஸ்லாக் தானாக அட்ஜஸ்ட் ஆகிக்கொள்ளும். இதில் எல்லாம் கைவேலை. ஒரே நாளில் டைட் வைத்த இரண்டு பக்கத்தில் ஒன்று மட்டும் 14 மி.மீ ஓடிப்போயிருந்தால் அது சாதாரணத் தேய்மானம் கிடையாது.

டைப் 30 என்கிற அந்த அளவு சேம்பரில் ராடு மொத்தமாக வெளியே வரக்கூடிய தூரம் சுமார் 64 மி.மீ. அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் வராது, உள்ளே தட்டு சுவரில் போய் முட்டிக்கொள்ளும். 51 தாண்டினாலே அட்ஜஸ்ட் பண்ணச் சொல்வார்கள். சரி, 58 தானே, இன்னும் ஆறு மி.மீ மிச்சம் இருக்கே என்று தோன்றும். நான் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன்.

25 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 24.5 மெகாஜூல். அதே வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்து ஒரு தடவை முழுசாக நிற்க 3.5 மெகாஜூல் போதும். ஆக, ஒரு 100 மீட்டர் இறக்கம் என்பது ஏழு தடவை பிரேக் போட்டு நிறுத்துவதற்குச் சமம், நடுவில் ஆற நேரமே இல்லாமல். இன்னும் வீட்டுக் கணக்காகச் சொன்னால் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், கியரில் இறங்கினால் இன்ஜினும் ஒரு பங்கை வாங்கும். மீதி எல்லாம் டிரம்முக்குத்தான்.

டிரம் வார்ப்பிரும்பு, சூடானால் விரியும். 400 மி.மீ விட்டமுள்ள டிரம் 300 டிகிரி கூடினால் விட்டம் 1.3 மி.மீ பெரிசாகும். ஒவ்வொரு ஷூவும் 0.65 மி.மீ கூடுதலாக நகர்ந்தால்தான் டிரம்மைத் தொடும். கேமும் ஸ்லாக் கையும் சேர்ந்து ஒரு நெம்புகோல் என்பதால், கேம் பக்கத்தில் 1 மி.மீ வேண்டுமென்றால் ராடு பத்துப் பன்னிரண்டு மி.மீ வெளியே வரணும். 0.65 மி.மீட்டருக்கு எப்படிக் குறைத்துப் போட்டாலும் ஆறரைக்கு மேல், எட்டு வரைக்கும் வருது. 58 கூட்டல் 6.5. பேனாவை வைத்துவிட்டேன். சமதளத்தில், குளிர்ந்த டிரம்மில், அந்தச் சக்கரம் நல்லாவே பிடிக்கும். பட்டறை வாசலில் பிடிக்கும், எப்.சி. எடுக்கிற இடத்திலும் பிடிக்கும். தொப்பூரில் பாதி இறக்கத்தில் அந்த ஒரு சக்கரம் வேலையை விட்டுவிடும், அதன் பங்கு மற்ற சக்கரங்களுக்குப் போகும், அவை இன்னும் சூடாகும்.

அப்பா மேஸ்திரியிடம் கேட்டார்: “டைட் வச்சு உட்டா எப்.சி. வரைக்கும் தாங்குமுங்களா?”

“எப்.சி. தாங்குமுங்க. தொப்பூர் தாங்குமான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க.”

பிரிக்கச் சொல்லிவிட்டு அப்பா டீ குடிக்கப் போய்விட்டார்.

முதலில் வந்தது நம்ம 13 மார்க் கம்பி. பட்டறையில் அதுக்குப் பேர் ஆக்சில் ராடு. ஹப்பின் முகத்தில் இருக்கும் நட்டுகளைக் கழற்றிவிட்டு, நடுவில் சம்மட்டியால் ஓங்கி ஒரு தட்டு. உள்ளே ஆப்பு மாதிரி இறுகியிருந்த கோன்கள் துள்ளி வெளியே வந்தன. அப்புறம் ராடை அப்படியே உருவி எடுத்தார்கள். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கவில்லை, டயரைக் கழற்றவில்லை. எடை எல்லாம் குழாய் மேல்தான் நிற்குது என்று புத்தகம் சொன்னதை ஒரு ஆள் பீடியை அணைக்காமலே செய்து காட்டினார்.

ராடின் உள்முனையில் பல் வரிசை இருக்கும். அது நேராக இருக்கணும். இதில் ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்து, ஈரத்துணியைப் பிழிய ஆரம்பித்த மாதிரி இருந்தது. எப்போதோ ஏற்றத்தில் லோடோடு நின்று, கிளட்ச்சை வெடுக்கென்று விட்டு எடுத்தபோது உலோகம் திரும்பி வர முடியாத அளவுக்கு முறுக்கிக்கொண்டிருக்கு. பட்டறை மூலையில் உடைந்த ராடுகளே ஒரு குவியல் கிடந்தது. உடைந்த முகங்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் ஆரம்பித்து, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வளைவு வளைவாகப் பரவி, கடைசியில் ஒரு சின்ன சொரசொரப்பான இடம். ஃபெடிக் ஃபெயிலியர் என்று ஸ்லைடில் ஒரு மங்கலான போட்டோ போடுவார்களே, அதன் ஒரிஜினல் இங்கே பழைய இரும்பு விலைக்குக் கிடக்குது. நம்ம மெட்டலர்ஜி லேபுக்கு நாலு துண்டு வேண்டும் என்று கேட்டேன். எடுத்துக்கச் சொன்னார். இப்போது அங்கே ரேக்கில் இருக்கு, போய்ப் பாருங்கள்.

ஹப்பைக் கழற்றும் முன் ஒரு முக்கியமான காரியம். ஹேண்ட் பிரேக்குக்காகச் சேம்பரின் பின்பாதியில் ஒரு பெரிய ஸ்பிரிங் அமுக்கி வைக்கப்பட்டிருக்கும். காற்று போனால் அந்த ஸ்பிரிங்தான் பிரேக்கைப் பிடிக்கும். தெரியாமல் அந்த மூடியைத் திறந்தால் ஆளைக் கொன்றுவிடும். மேஸ்திரி நீளமான போல்ட்டை உள்ளே விட்டுத் திருகி ஸ்பிரிங்கைக் கட்டிப்போட்ட பிறகுதான் பையன்களை அந்தப் பக்கமே விட்டார். அதுவரை யார் கிட்டே போனாலும் திட்டு. எனக்கும் ஒன்று கிடைத்தது.

இடது ஹப் வெளியே வந்ததும் ஒரு நெடி. கிரவுன் ஆயில் நெடி, கந்தகம் கலந்த அந்த வாசனையை ஒரு தடவை மோந்தால் மறக்காது. லைனர் முழுக்க ஆயிலில் ஊறி, கருப்பட்டிப் பாகு தடவின மாதிரி பளபளத்தது. ஆயில் சீல் கிழிந்திருந்தது.

இங்கேதான் எனக்கு மேஸ்திரியைப் பிடித்துப்போனது. சீலை மாற்றி லைனரை மாற்றினால் கதை முடிந்தது என்று நான் உட்பட யாரும் நினைப்போம். அவர் கிழிந்த சீலை விரலில் மாட்டிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஒரு பக்கந்தான் தேஞ்சிருக்கு. சீல் மேல தப்பில்ல. ஹப்பு ஆடியிருக்கு.”

பேரிங்கின் வெளி வளையத்துக்குக் கப் என்று பேர். அது ஹப்புக்குள் அடித்து இறக்கினால்தான் இறங்கணும், அவ்வளவு இறுக்கமாக உட்காரணும். இதில் வெளிப்பக்கத்துக் கப் கையால் தள்ளியதும் சுற்றியது. பக்கத்து லேத் பட்டறையில் இருந்து மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வாங்கி வந்து அளந்தேன். ஹப்பின் துளை கப்பைவிட 0.15 மி.மீ பெரிசு. இரண்டு தலைமுடிப் பருமன். கப்பைவிடத் துளை கொஞ்சம் சின்னதாக இருந்தால்தானே பிடிப்பு? கப் உள்ளே வழுக்கிச் சுற்றிச் சுற்றித் துளையைத் தின்றிருக்கு. அதனால் ஹப் லேசாகச் சாய்ந்து ஓடியிருக்கு. சாய்ந்ததால் சீலின் உதடு ஒரு பக்கம் தேய்ந்து, ஆயில் வெளியே வந்து, லைனரை நனைத்து, டிரம்மும் கோணலாக உரசி, கடைசியில் 58 மி.மீ ராடாக வெளியே தெரிந்திருக்கு. பிரேக் கோளாறு என்று வந்த வண்டியில் கோளாறு பேரிங் உட்காரும் இடத்தில்.

ஆடுகிற கப்புக்குப் பட்டறைகளில் ஒரு பழைய வைத்தியம் உண்டு. துளைக்குள் சுற்றிலும் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் குத்துவது. குத்தின இடத்தைச் சுற்றி உலோகம் மேடிட்டு, கப்பை அடித்து இறக்கும்போது ஜம்மென்று இறுகும். அரை மணி நேர வேலை, பைசா செலவில்லை. ஆனால் கப்பின் முழு முதுகும் தாங்க வேண்டிய எடையை இருபது முப்பது கூர்முனைகள் தாங்கும். ஒன்றிரண்டு லோடில் முனைகள் மழுங்கிவிடும், மறுபடி ஆட்டம். நம்ம ஹப்பைத் துடைத்துப் பார்த்தால் பழைய பஞ்ச் குறிகள் ஏற்கெனவே இருந்தன. வேறு எங்கோ, எப்போதோ யாரோ குத்தியது. அதன் பலன்தான் இப்போது கையில் இருந்தது.

“குத்தி அனுப்பட்டுங்களா, ஹப்பை மாத்தட்டுங்களா?” என்று மேஸ்திரி அப்பாவிடம் கேட்டார். தான் எதுவும் சொல்லவில்லை. குறிகளை மட்டும் விரலால் தடவிக் காட்டினார்.

பதிலுக்கு முன் டிரம் வந்தது. உள்பக்கம் முழுக்க மயிரிழை மாதிரி விரிசல்கள், அவற்றுக்கு நடுவே அங்கங்கே நீலம் பாய்ந்த புள்ளிகள். இடதில் மட்டும் என்றால் ஹப் கோணல் என்று சொல்லலாம். வலதிலும் இருந்தது, டம்மி ஆக்சில் டிரம்களிலும் கொஞ்சம் கொஞ்சம். மேஸ்திரி டிரம்மை உருட்டி வெயிலில் வைத்துவிட்டு, அப்பாவைப் பார்க்காமலே கேட்டார்.

“இறக்கத்துல நியூட்ரல்ல உடறீங்களா?”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “எப்பவாச்சுமுங்க.”

யாரும் பேசவில்லை. நான் டார்ச்சை அணைத்தேன், பகல் வெளிச்சத்தில் அது எதற்கு எரிந்துகொண்டிருந்தது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது என் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். 80 லிட்டர் தண்ணீர், 64 மி.மீ எல்லாம். இன்னொன்றும் சொன்னேன்: செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்பது சரியில்லை. கியரிலேயே இறங்கி ஆக்சிலேட்டரை விட்டால் பம்ப் டீசலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் போகும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டீசலுக்கு இல்ல கண்ணு” என்றார். “ராத்திரி பூரா அந்த இரைச்சல் காதுல. தொப்பூர் வந்தா ஊருக்கு வந்த மாதிரி. நியூட்ரல் போட்டா அஞ்சு நிமிசம் சத்தமே இருக்காது.”

இதற்குப் புத்தகத்தில் பதில் கிடையாது. அந்த அஞ்சு நிமிஷத்தில் என்ன நடக்கும் என்பதற்கான பதில் மட்டும் இருக்கு. இரண்டும் அவருக்குத் தெரியும். அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் டிரம் விலையைச் சொன்னார். நீலப் புள்ளிகளைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எப்.சி.யோடு சேர்த்து இரண்டு டயர் மாற்ற வைத்திருந்த காசு ஹப்புக்கும் டிரம்முக்கும் போனது.

அடுத்த நாலு நாளில் எதை மாற்றுவது, எதை விடுவது என்ற பேச்சுதான் அதிகம். ஹப் புதுசு. ஆக்சில் ராடு புதுசு. டிரம் இடது மட்டும் மாற்றினால் போதாது, ஒரே ஆக்சிலில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கணும், அதனால் இரண்டும் புதுசு. டம்மி டிரம்கள் விரிசல் ஆழமில்லை, லேத்தில் கடைந்தால் போதும். கடைந்த பிறகும் டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டவில்லையா என்று அளந்தோம். தாண்டவில்லை. குழாயின் முனையில் பேரிங் உட்காரும் இடத்தை நான் நாலு இடத்தில் அளந்தேன், உருண்டையாகத்தான் இருந்தது. அது தேய்ந்திருந்தால் வெல்டிங் பூசிக் கடைவதா, ஹவுசிங்கையே மாற்றுவதா என்று இன்னொரு வாரம் போயிருக்கும்.

மீதி எல்லாம் சில்லறைச் சாமான். கேம் ஷாஃப்டின் புஷ், ரோலர், ஆங்கர் பின், ராடையும் ஸ்லாக்கையும் இணைக்கும் பின். எனக்கு இதுதான் மொத்த வேலையிலும் சுவாரசியமான பகுதி. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் “பரவால்ல, ஓடும்” ரகம். புஷ்ஷில் கொஞ்சம் ஆட்டம், பின் ஓட்டை லேசாக முட்டை வடிவம், ரோலரில் ஒரு சப்பை. எதையும் தூக்கிப் போட மனசு வராது. ஆனால் எல்லாரும் கடன் வாங்குவது அதே 64 மி.மீட்டரில்தான். புஷ் ஆட்டத்தில் மூணு மி.மீ, பின் ஓட்டையில் ஒன்றரை, ரோலரில் இரண்டு என்று ராடு ஷூவை நகர்த்தும் முன்பே செலவாகிவிடும். நாம் டாலரன்ஸ் ஸ்டாக்-அப் என்று படிச்சோமே, அது சிஎன்சி மிஷின் கம்பெனிகளுக்கான விஷயம் என்று நினைத்திருந்தேன். மேஸ்திரி ஒரு கடப்பாரையைக் கேம் ஷாஃப்டுக்கு அடியில் கொடுத்து ஆட்டிக் காட்டி, “இந்த லொடலொடப்பு எல்லாம் ஏரைத் தின்னுரும்” என்றார். அஞ்சு வார்த்தையில் யூனிட் 3 முடிஞ்சது. சில்லறைச் சாமான் முழுக்க மாற்றினோம்.

பழைய லைனரைக் கழற்றும்போது பையன்கள் ஏர் கன்னால் தூசியை ஊதுவார்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், அந்தத் தூசி நுரையீரலில் போனால் திரும்பி வராது. தண்ணீர் தெளித்துத் துடைக்கலாமே என்று சொன்னேன். மேஸ்திரி என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வாளியைக் கொண்டுவரச் சொன்னார். நான் போன பிறகும் வாளி இருக்கா என்று தெரியாது. உங்களில் யாராவது பட்டறைப் பக்கம் போனால் இதை மட்டும் தயங்காமல் சொல்லுங்கள்.

புது லைனரை ஷூவில் ரிவெட் அடிக்கிறதுக்கும் ஒரு வரிசை இருக்கு. நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் போகணும். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் லைனர் உப்பிக்கொண்டு நிற்கும், அந்த இடம் மட்டும் டிரம்மில் உரசிக் கருகும். இரண்டு ஷூ நானே அடித்தேன். மறுநாள் பேனா பிடிக்க முடியவில்லை.

முன் ஆக்சிலில் பெரிய வேலை இல்லை. ஆனால் ஒரு டெக்னிக் கற்றேன், எழுதாமல் விட மனசில்லை. முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடுது. பேரிங்கா, கிங் பின்னா? ஒரு ஆளைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டணும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், அப்படியே இருந்தால் கிங் பின். பிரேக் போட்டதும் டிரம்மும் ஆக்சில் முனையும் ஒன்றாகிவிடும், நடுவில் இருக்கிற பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். வைவாவில் கேட்டால் அழகான கேள்வி. எங்க வண்டியில் ஆட்டம் நின்றது. பேரிங்கை டைட் வைத்து முடித்தோம்.

டைட் வைக்கிறது என்றால் முறுக்கி விடுறது இல்லை. ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குவார், ரோலர்கள் தங்கள் இடத்தில் போய் உட்காரணும். ஹப் சுற்ற அடம் பிடிக்கும்போது நிறுத்தி, நட்டைக் கொஞ்சம் பின்னால் தளர்த்தி, லாக் பண்ணுவார். அதிகம் இறுக்கினால் சூடாகிப் பேரிங் பிடித்துக்கொள்ளும், தளர்ந்தால் மறுபடி சீல் கதை. இடது ஹப்பில் அவர் முடித்ததும் டயல் கேஜை வைத்து முன்னும் பின்னும் இழுத்தேன். 0.08 மி.மீ. இந்த மாதிரிப் பேரிங்குக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 0.03 முதல் 0.13 வரை. ஊசியைக் காட்டினேன். “அது என்ன சொல்லுது?” என்றார். சரியா இருக்குன்னு சொல்லுது என்றேன். “சொல்லட்டும்” என்று அடுத்த பக்கம் போனார்.

எட்டாவது நாள் மறுபடி சாக்பீஸ் கோடு. இழுக்கிற ஆக்சில் இடது 41, வலது 40. அப்பா கேபினில் இருந்து ஊசியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தார். புது டிரம் மாட்டும் முன் அதன் உள்பக்கத்தைத் துணியால் துடைத்தேன். ஒரு கோடில்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அடுத்த வருஷம் எப்.சி.க்குக் கழற்றும்போது நான் வேலைக்குப் போயிருப்பேன். நீலம் இருக்கா என்று மேஸ்திரி பார்ப்பார்.

மதியம் காலி வண்டியை எடுத்துக்கொண்டு சேலம் ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் போய், நடுவில் அடிக்கடி பிரேக் போட்டுத் திரும்பி வந்தோம். மேஸ்திரி இறங்கினதும் ஒவ்வொரு ஹப்பாகப் போய்ப் புறங்கையை வைத்தார். உள்ளங்கை வைக்கக் கூடாதாம், சுட்டால் வேலை செய்ய முடியாது. அவர் பின்னாலேயே நானும் வைத்துப் பார்த்தேன். முன்னால் இரண்டும் வெதுவெதுப்பு. இழுக்கிற ஆக்சில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. டம்மியில் வலது பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல் சூடு. நான் சொல்வதற்குள் மேஸ்திரி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்திருந்தார்.

“டார்ச்சு, அம்மணி.”